மோர்மன்காரருடன் இரண்டு கிழமை

தங்கச்சி கடைசியாகப் பேசியது பாங்கொக்கிலிருந்து. "அண்ணை, நாளைக்கோ நாளையிண்டைக்கோ வெளிக்கிடுவமாம்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு ஒரு கிழமை போயிற்று. இரண்டாவது கிழமையும் தொடங்கிவிட்டது. அவளிடமிருந்தும் ஒன்றுமில்லை, அவளை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று பொறுப்பேற்ற ஏஜெண்டிடமிருந்தும் ஒன்றுமில்லை. அவனுடைய கொழும்புத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் ஒரு பெண் குரல் "அவர் இல்லை" என்று சொல்லி வைத்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நானும் மனைவியும் நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் லண்டனுக்கு வந்து ஏழு வருஷமாகியிருந்தது. எனக்குக் கிடைத்திருந்ததும் நிரந்தர அனுமதி அல்ல. தவணை முடிய முடிய எழுதிக் கேட்டு நீட்டிக்கொள்ள வேண்டிய அனுமதி. ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மின்னியல் கொஞ்சம் கைகொடுத்ததால், பெற்றோல் நிலையத்தில் நின்ற காலம் முடிந்து, ஆஸ்பத்திரி இயந்திரங்கள் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்திருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இயந்திரங்கள். அவற்றை ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. எனக்கென்று ஒரு வெள்ளை வான் தந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்கர் வந்தார். இயந்திரங்களைச் செய்யும் தாய்க் கொம்பனி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்தது. புதிய ரகம் ஒன்று வந்திருக்கிறது, அதைத் தாதிமாருக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் எஞ்சினியர் வருகிறார், இரண்டு கிழமை அவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு திரி என்று மனேஜர் சொன்னார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "அவர் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். தேத்தண்ணீர் குடிக்க மாட்டார், கோப்பி குடிக்க மாட்டார். அவர் எது கேட்டாலும் செய்து கொடு."

மனைவியிடம் சொன்னபோது அவள் பயந்துபோனாள். சூட்டும் கழுத்தில் ரையுமாக இரண்டு இரண்டு பேராக வந்து எங்கள் தெருக் கதவுகளைத் தட்டும் வெள்ளைக்காரப் பெடியன்களைத்தான் அவளுக்குத் தெரியும்.

"அவையள் உள்ள வந்தால் எழும்பிப் போகாயினம். இந்த மனிசன் உங்களை மதம் மாத்தாமல் விடமாட்டார், பாருங்கோ" என்றாள்.

"எனக்கு இப்ப மாறுறதுக்கு நேரம் எங்கயப்பா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் சுகமில்லை என்று லீவு எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஆளில்லாத நேரம் மணி அடித்தால் என்ன செய்வது என்ற பயம். குளிக்கப் போகும்போதுகூட என்னைக் கூப்பிட்டுத் தொலைபேசியடியில் நிற்க வைத்துவிட்டுத்தான் போவாள். வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு நான் மட்டும் போய் அவளுடைய நேர்த்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அமெரிக்கருக்கு அறுபது வயதிருக்கும். உயரமானவர், கொஞ்சம் கூனல். வெள்ளைச் சட்டை, ரை, மடிப்புக் குலையாத காற்சட்டை. என் பெயரை முதல் நாளே மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தாதிமார் தேத்தண்ணீர் வேண்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் வெறும் சுடுதண்ணீர் கேட்பார். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்து அவரே சிரித்துவிடுவார். வேலையில் கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டாலும் நாலு பேருக்கும் முதல் தடவை சொல்வது போலச் சொல்வார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. ஆனால் பயமாக இருந்தது. நான் எங்கே போனாலும் முதலில் கண் தேடியது தொலைபேசிக் கூண்டை. வானை நிறுத்தியவுடன் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடுவேன். மனைவி ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"ஒண்டும் வரேல்லை. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."

திரும்பி வரும்போது அவர் வானில் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காதது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. வேலை நேரத்தில் ஓடி ஓடிப் போகிறான் என்று மனேஜரிடம் சொல்லிவிட்டால்? வேலை போனால் அனுமதி நீட்டிப்பு என்னவாகும்? அதைவிடப் பெரிய பயம் வேறு. தங்கச்சி வருவது வேறொருத்தியின் கடவுச்சீட்டில். இந்த நாட்டில் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவர் கேட்டேவிட்டார். "வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?"

"மனைவிக்கு" என்றேன்.

அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை வானில் ஏறியதும், "உங்கள் மனைவிக்காக இரவு ஜெபித்தேன். இன்று எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கேட்டார். கல்லுக் குண்டுபோல இருக்கும் மனைவிக்கு ஒருவர் தினமும் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பரவாயில்லை" என்பேன்.

முதல் கிழமையின் கடைசி நாள், கிழக்கு லண்டனில் வேலை வழக்கத்தைவிட வேளைக்கே முடிந்தது. அவர் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். தன் மதத்தின் பழைய இடங்கள் சில பார்க்க வேண்டும், தவறாக நினைக்காவிட்டால் போகிற வழியில் நிறுத்த முடியுமா என்றார். மனேஜர் சொன்னது நினைவிருந்தது. தலையாட்டினேன்.

முதலில் ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுக்கம். லண்டனில் அவர்களுடைய மதத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் அங்கேயிருந்த ஒரு பொதுக் குளிப்பிடத்தில் ஞானஸ்நானம் பெற்றார்களாம். இப்போது அதற்கு அடையாளமே இல்லை. அலுவலகக் கட்டடங்களும் மூடிய கதவுகளும்தான். அவர் நடைபாதையில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போக்குவரத்துக் காவலர் வானுக்கு அபராதத் துண்டு எழுதிவிடுவாரோ என்று நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஷாட்வெல். தேம்ஸ் ஆற்றோரம், பழைய கப்பல் துறை. சுற்றிவரப் புதிதாகக் கட்டிய செங்கல் வீடுகள். நடுவில் சதுரமாக அடைபட்ட கறுப்புத் தண்ணீர். காற்று முகத்தில் அடித்தது. அவர் தண்ணீர் விளிம்புவரை போய் நின்றார்.

"என் பாட்டியின் தாயார் சின்னப் பிள்ளையாக இங்கேயிருந்துதான் கப்பல் ஏறினார்" என்றார். "குடும்பம் முழுக்க மதத்தில் சேர்ந்து, எங்கள் சபையார் குடியேறியிருந்த யூட்டாவுக்குப் புறப்பட்டார்கள். கப்பலில் ஏறுமுன் வைத்தியர் எல்லோரையும் பரிசோதிப்பார். பாட்டியின் தாயாருக்கு ஓர் அக்கா இருந்தாள். பதினாறு பதினேழு வயது. அவளுக்குக் காய்ச்சல், உடம்பில் தடிப்பு. ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்."

"பிறகு?"

"கப்பல் நிற்காது. வீட்டை விற்றாயிற்று. பக்கத்தில் அறிந்த குடும்பம் ஒன்றிடம் அவளை விட்டுவிட்டு, அடுத்த கப்பலில் வந்துவிடு என்று சொல்லிப் போனார்கள்."

"வந்தாளா?"

"இல்லை. என்ன ஆனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. இருபது வருஷமாகத் தேடுகிறேன்."

அவர் அதை வருத்தத்தோடுகூடச் சொல்லவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். என் தங்கச்சி எந்த ஊரில் எந்த அறையில் யாரோடு இருக்கிறாள்? நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால் நானும் இப்படித்தானே சொல்லவேண்டி வரும்? கால்கள் தாமாகத் திரும்பின. தெரு முனையில் ஒரு கூண்டு நின்றது. ஒரு கண்ணாடியும் இல்லை, உள்ளே மூத்திர நாற்றம். எண்களை அழுத்தினேன்.

"ஒண்டும் வரேல்லை" என்றாள் மனைவி. "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்டுமில்லை. நீர் சாப்பிட்டனீரோ?"

"பிறகு சாப்பிடுறன்."

அடுத்த கிழமை நடுவில் பிரெஸ்டனுக்குப் போகவேண்டியிருந்தது. வடக்கே, வானில் அரை நாள் ஓட்டம். ஓர் இரவு தங்க வேண்டும். லண்டனை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. மனேஜரிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன். அமெரிக்கருக்கோ பிரெஸ்டன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுடைய ஊழியக்காரர்கள் கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் முதன்முதலாகப் போதித்த ஊர் அதுதானாம்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தை இறக்கிப் பூட்டினோம். தாதிமாருக்கான வகுப்பு மறுநாள் காலை பத்து மணிக்கு. அதற்கு முன்னால் ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவர் கேட்டார். காலைச் சாப்பாடு முடிந்த கையோடு புறப்பட்டோம்.

பெரிய பூங்கா ஒன்று சரிந்து இறங்கி ஆற்றங்கரையில் முடிந்தது. மழை பெய்து ஆறு மண்ணிறத்தில் நிரம்பி ஓடியது. அந்த ஆற்றில்தான் முதல் ஆட்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். முதலில் தண்ணீரில் இறங்கும் பேறு யாருக்கு என்று இரண்டு பேர் ஓட்டப்பந்தயமே ஓடினார்களாம். அதைச் சொல்லி அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "இந்தப் புல்வெளியால்தான் ஓடியிருப்பார்கள்" என்று கையைக் காட்டினார். நானும் சிரிக்கப் பார்த்தேன். என் கண் பூங்கா வாசலில் நின்ற சிவப்புக் கூண்டில் இருந்தது.

"போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்றார் அவரே.

மணி ஒருமுறை முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். எடுத்ததும் அழுதாள்.

"எங்க போனியள்? ஹோட்டலுக்கு எடுத்தனான், வெளிக்கிட்டிட்டியள் எண்டு சொன்னவங்கள். வந்திட்டாளப்பா, ஹீத்ரோவில நிக்கிறாள். பிடிச்சு வச்சிருக்கிறாங்கள்."

"ஆர் சொன்னது?"

"இமிகிரேசன் ஒபிசர். விடிய எடுத்தவர். அவளிட்டப் பாஸ்போட் ஒண்டும் இல்லையாம். எங்கட நம்பரைச் சொல்லியிருக்கிறாள். உறவுக்காரர் எண்டால் நேர வரட்டாம். இல்லாட்டி... இல்லாட்டித் திருப்பி ஏத்திப்போடுவாங்களோ?"

"நீர் அழாதையும். நான் வாறன்."

வாறன் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போவது? வகுப்பு பத்து மணிக்கு. வான் கொம்பனியுடையது. கூண்டுக்கு வெளியே வந்ததும் பூங்காவின் மர வாங்கில், ஈரத்தையும் பாராமல் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"மனைவிக்கு மோசமா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மனைவிக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். என் தங்கை, போர் நடக்கும் இடத்திலிருந்து, இரண்டு கிழமைக்கு மேலாக எங்கே என்று தெரியாமல், இப்போது விமான நிலையத்தில் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். கடவுச்சீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மோர்மன்காரர் பொய் சொல்லாதவர்கள் என்று பெயரெடுத்த ஆட்கள். இவர் இனி என்ன செய்வார்?

அவரும் ஈர வாங்கில் உட்கார்ந்தார். பிறகு, "தங்கையின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

வாய்வரை வந்த பெயர் நின்றுவிட்டது. எந்தப் பெயர்? அம்மா அப்பா வைத்ததா, கடவுச்சீட்டில் இருந்ததா? அங்கே அவள் எதைச் சொல்லியிருக்கிறாளோ? நான் அவரைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டவர்போலத் தலையை அசைத்தார்.

"பரவாயில்லை. என்னிடம் சில்லறை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வகுப்பை நாளைக்கு மாற்றுகிறேன். என் சொந்தக் காரணம் என்று சொல்கிறேன், அது உண்மைதான். நீங்கள் வானை எடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போனார்.

மோட்டர்வேயில் ஏறிக் கொஞ்ச தூரம் நான்தான் ஓட்டினேன். கண்ணில் ரோட்டே இல்லை. பக்கத்து லேனில் ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தபோதுதான் வான் அதன்மேல் சாய்ந்துகொண்டு போவது தெரிந்தது. அவர் அமைதியாக, "அடுத்த சேர்விஸ் தரிப்பிடத்தில் நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினேன். வானின் திறப்பை வாங்கிக்கொண்டு, "இதை நான் ஓட்டலாமா? காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் வந்த கேள்வியைப் பாருங்கள். கொம்பனி ஆட்கள் எவரும் ஓட்டலாம் என்று அலுவலகத்தில் சொன்னதைச் சொன்னேன். "நான் கொம்பனி ஆள்தான்" என்று தனக்குத்தானே சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு ஏறினார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக இடது பக்கம் ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. மெதுவான லேனை விட்டு அசையவில்லை. பார ஊர்திகள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. ஒவ்வொரு மைலுக்கும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் ஒரு விமானம் திரும்பிப் போகும், அதில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்குள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்சம் விரைவாகப் போங்கள் என்று சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பர்மிங்ஹாமைத் தாண்டும்போது அவர் உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று தெரிந்தது. தங்கச்சிக்காகவா, அந்தச் சந்திகளைக் கடப்பதற்காகவா என்று கேட்கவில்லை.

ஹீத்ரோவில் குடிவரவுப் பகுதிச் சன்னலுக்கு முன்னால் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். விவரம் சொன்னோம். இருக்கச் சொன்னார்கள். மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, வந்துவிட்டோம் என்று சொன்னேன். திரும்பி வந்து இருந்தேன். அமெரிக்கர், வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல முழங்காலில் கைகளை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு ஓர் அதிகாரி வந்து எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அமெரிக்கரின் வெள்ளைச் சட்டையையும் ரையையும் பார்த்தார்.

"நீங்கள் இவருடைய வழக்கறிஞரா?"

ஆமென்று சொல்லிவிடுங்கள் என்று என் மனம் கத்தியது.

"இல்லை. நான் இவருடன் வேலை செய்பவன்" என்றார் அவர்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்கள் தங்கையின் முழுப்பெயர், பிறந்த திகதி?"

ஏஜெண்ட் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பான்? வேறு பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தால், நான் உண்மையைச் சொல்ல அவள் பொய்க்காரி ஆவாள். நான் பொய் சொல்லி, அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் பொய்க்காரர். அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னேன். அவள் பிறந்த நாளைச் சொன்னேன். அதிகாரி தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கள் தங்கையும் அதைத்தான் சொன்னார்" என்றார்.

எப்படி வந்தாள், யார் ஒழுங்கு செய்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். பக்கத்தில் இருந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. அதிகாரி சட்டென்று அவரிடம் கேட்டார்: "இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

காலையில் நான் கடவுச்சீட்டுவரை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டியிருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். "நானே பார்த்தது ஒன்றுதான், அதைச் சொல்கிறேன்" என்றார். "இந்த மனிதர் ஒரு கிழமைக்கு மேலாக, நாங்கள் போன இடமெல்லாம், ஒரு தொலைபேசியையும் விடாமல் தன் தங்கையின் செய்தி கேட்டார். அவள் இவருடைய தங்கை இல்லையென்றால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்."

அதிகாரி பேனாவை மேசையில் தட்டினார். பிறகு எழுந்து வெளியே போனார்.

மறுபடியும் காத்திருந்தோம். பின்னேரமாகியது. கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்து போனார்கள். ஆண்பிள்ளையின் பெரிய ஜக்கெட் போட்ட, கழுத்துவரை தலைமயிர் வெட்டிய மெலிந்த பெண்ணொருத்தி ஓர் அதிகாரியோடு வந்து நின்றாள். நான் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை" என்றாள் அவள்.

நான் ஊரைவிட்டு வரும்போது அவளுக்குப் பதினைந்து வயது. இடுப்புக்குக் கீழே பின்னல் இருந்தது. எழுந்து போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். அவள் அழவில்லை. கைகள் பச்சைத் தண்ணீரில் கிடந்தவைபோலக் குளிர்ந்து கிடந்தன.

தற்காலிகமாக உள்ளே விடுகிறோம், உங்கள் முகவரியிலேயே இருக்கவேண்டும், கிழமைதோறும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வானில் மூன்று பேர் இருக்கலாம். அவள் நடுவில் இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வாயசையாமல் மெல்லக் கேட்டாள்.

"ஆரண்ணை இந்த வெள்ளைக்காரர்? பொலிசோ?"

"இல்லையடி. என்னோட வேலை செய்யிறவர்."

"பிறகேன் எங்களோட வாறார்?"

"அவரை ஹோட்டல்ல இறக்கோணும்."

அவள் நம்பவில்லை. அவர் இறங்கிக் கையசைத்துவிட்டுப் போனபிறகும், பின்னால் வருகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தபடியே வந்தாள். வீட்டில் மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். சோறு போட்டாள். தங்கச்சி இரண்டு வாய் உண்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பை மாற்றியதற்கு மனேஜர் என்னைக் கூப்பிட்டபோது அமெரிக்கர் கூடவே வந்து, அது தன் முடிவு என்று சொன்னார். வேலை தப்பியது. அவர் போகுமுன் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மனைவி பயந்தபடி மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தங்கச்சிக்கு அனுமதி கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. கிழமைதோறும் கையெழுத்து வைக்க அவள் குடிவரவு அலுவலகத்துக்குள் போய் வெளியே வரும்வரை நான் தெருவில் நடந்துகொண்டிருப்பேன். அந்த நடை எனக்குப் பழகவேயில்லை. இப்போது அவள் மோர்டனில் இருக்கிறாள். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

அவளை நினைக்கும்போது ஹீத்ரோவைவிட அடுத்த நாள்தான் எனக்கு முன்னுக்கு வருகிறது.

வகுப்புக்காக விடியவே மறுபடி பிரெஸ்டனுக்குப் போகவேண்டும். மனைவியின் லீவு முடிந்திருந்தது, அவள் வேலைக்குப் போகவேண்டும். கதவைப் பூட்டிக்கொண்டு படு என்று தங்கச்சியிடம் சொன்னேன். நான் சப்பாத்துப் போட்டு நிமிரும்போது அவள் அந்தப் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"தனிய இருக்க ஏலாது அண்ணை. ஆரும் வந்து தட்டினால்?"

கூட்டிக்கொண்டு போனேன். அமெரிக்கர் கதவைத் திறந்து அவளுக்கு இடம் விட்டார். நாங்கள் வகுப்பு நடத்திய நேரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். நான் கதவுக் கண்ணாடியால் அடிக்கடி எட்டிப் பார்த்தேன். அவள் அசையாமல் இருந்தாள்.

திரும்பும் வழியில்தான் பேசத் தொடங்கினாள். தங்கவைத்த ஒரு நாட்டின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பூட்டிய வீட்டில் பதினொரு பேராம். கடவுச்சீட்டுப் படத்தில் இருந்த பெண்ணுக்குக் கட்டைத் தலைமயிர் என்று ஒருத்தன் கத்தரிக்கோலோடு வந்தானாம். விமானத்துக்குள் அந்தக் கடவுச்சீட்டைக் கிழித்துக் கக்கூசில் போடும்போது அது உள்ளே போகாமல் நின்றதாம், கையை விட்டுத் தள்ளினாளாம். தொலைபேசி எடுக்க விடவில்லையாம். முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். அமெரிக்கர் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

"அண்ணை, பசிக்குது" என்றாள் திடீரென்று.

அடுத்த சேர்விஸில் நிறுத்தினேன். சிப்ஸும் மீனும் வாங்கினேன். வினாகிரியை ஊற்றி ஊற்றித் தின்றாள். அவள் தின்பதை நானும் அவரும் பார்க்காதவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது இரண்டு பொலிஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். அவள் கை பாதி வழியில் நின்றுவிட்டது. முகத்தில் இரத்தமே இல்லை. ஹீத்ரோவில் தந்த அனுமதித் துண்டு அவளுடைய ஜக்கெட் பையில்தான் இருந்தது என்றாலும் நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அமெரிக்கர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், பிறகு திரும்பி வாசலைப் பார்த்தார். எழுந்து, தன் கதிரையை மேசையின் மற்றப் பக்கம் இழுத்துப் போட்டு, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் தன் அகலமான முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

பொலிஸ்காரர்கள் தேத்தண்ணீர் வாங்கினார்கள். ஏதோ பேசிச் சிரித்தார்கள். கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

"போயிட்டாங்களோ?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"போயிட்டாங்கள்" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கையில் ஆறிப்போயிருந்த சிப்ஸை வாயில் போட்டாள்.